மலைச்சைக்கிளுக்கு வீட்டிலேயே மின்மோட்டார்: சக்கர அளவையும் மோட்டாரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வழிகாட்டி

கடைக்குப் போனதும் "எத்தனை வாட்?" என்றுதான் பேச்சு தொடங்கும். வீட்டில் கட்டும் சைக்கிள்கள் பாதி வழியில் மூச்சுத் திணறி நிற்பதற்கும் அதுவே முக்கியக் காரணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஏறுவதற்குத் தேவை, சக்கரத்தின் ஓரத்தில் கிடைக்கும் தள்ளுவிசை. அதை மோட்டாரும் சக்கரத்தின் ஆரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்கவே கூடாது. முதலில் ஏற்றம், பிறகு மோட்டார் வகை, அதன் பிறகு சக்கரம், கடைசியில் மோட்டாரின் சுற்று வேகம் என்ற வரிசையில் போங்கள்.

முதல் படி: ஏற்றத்தை அளங்கள்

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டேப். இவ்வளவு போதும். கட்டையைப் பாதையின் நீளவாக்கில் வைத்து, பள்ளமான பக்கத்து முனையை மட்டம் வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையில் 10 செ.மீ. இருந்தால் 10 சதவீத ஏற்றம். நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். இருபது மீட்டர் நீளமுள்ள செங்குத்தான துண்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வந்த வேகத்திலேயே அதில் ஏறிவிடலாம். தொடர்ந்து நூறு மீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம்தான் மோட்டாரைச் சூடாக்கும்.

இனி விசைக் கணக்கு. ஓட்டுபவர், சைக்கிள், பேட்டரி, பை எல்லாவற்றின் எடையையும் கிலோவில் கூட்டுங்கள். அதை ஏற்றச் சதவீதத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் தேவையான விசை கிட்டத்தட்ட நியூட்டனில் வந்துவிடும். டயர் உருளும்போது உண்டாகும் தடையையும் சதவீதமாகவே சேர்த்துக்கொள்ளலாம்: தார்ச்சாலைக்கு 1, இறுகிய செம்மண்ணுக்கு 2.5. மொத்த எடை 100 கிலோ, 10 சதவீதச் செம்மண் ஏற்றம் என்றால் 12.5 ஆகிறது, விசை 125 நியூட்டன்.

மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நீங்களும் சவுட்டினால் (பெடல் மிதித்தால்), சாதாரண உடல்வாகுள்ள ஒருவரின் 110 வாட் உழைப்பு சுமார் 40 நியூட்டன் தரும். மீதி 85 நியூட்டன் மோட்டாரின் பங்கு. அது ஏறக்குறைய 236 வாட். அதாவது 250 வாட் மோட்டார் இந்த ஏற்றத்தில் ஏறும், ஆனால் நீங்கள் சவுட்டினால் மட்டும். கால் ஆட்டாமல் திராட்டிலை (கைப்பிடி ஆக்ஸிலேட்டரை) மட்டும் முறுக்கிக்கொண்டு போக நினைத்தால் அதே மோட்டார் திணறும்.

மலை ஏறாதவர்களுக்கும் ஒரு மலை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் முப்பந்தல் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்பினால் காற்று முகத்தில் அறையும். மணிக்கு 25 கி.மீ. எதிர்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டுமே 50 நியூட்டனுக்கு மேல் வேண்டும். இது சமதரையிலேயே 5 சதவீத ஏற்றம் ஏறுவதற்குச் சமம். பேட்டரி எடுக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

சட்டத்தையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுவோம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்து, சோதனை நிறுவனம் ஒன்று அதைச் சரிபார்த்து ஏற்றிருந்தால்தான் மின்வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. வீட்டில் கட்டிய வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது. அதற்கு மேல் 750 வாட், 1000 வாட் என்று மாட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினால், பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டுவதாகவே ஆகும். விபத்து நடந்தால்தான் இதன் கனம் தெரியும். இங்கே வரும் கணக்குகள் எல்லாம் 250 வாட் வகையை வைத்தே போடப்பட்டவை. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுப் பாதைகளில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், ரப்பர் தோட்டங்களுக்குள் போகத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும்.

இரண்டாம் படி: மோட்டார் வகை

ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். சைக்கிளின் கியர் அதற்கு உதவாது. அதனால் சக்கரத்தின் அளவுதான் அதற்கு இருக்கும் ஒரே கியர். ஒருமுறை கட்டிவிட்டால் எளிதில் மாற்ற முடியாது.

இதில் இரண்டு வகை. உள்ளே நைலான் பல்சக்கரம் வைத்த கியர் ஹப் சிறியது, எடை குறைவு, மோட்டார் ஓடாதபோது இழுவை இல்லாமல் சுழலும். பல்சக்கரம் இல்லாத நேரடி ஹப் கனமானது. இறக்கத்தில் மின்சாரத்தைத் திருப்பி எடுக்க முடியும், தேய்வதற்கு உள்ளே பாகம் குறைவு. ஆனால் மெதுவான ஏற்றத்தில் அதன் திறன் படுத்துவிடும். 250 வாட் மலைச்சைக்கிளுக்கு நேரடி ஹப் வேண்டாம்.

மிட் டிரைவ் பெடல் அச்சில் மாட்டுவது. மோட்டாரின் சக்தி செயின் வழியாகப் பின்கியருக்குப் போவதால், ஏற்றத்தில் கியரைக் குறைத்து மோட்டாரை அதற்கு வசதியான வேகத்திலேயே ஓடவிடலாம். பஃபாங் பிபிஎஸ்01, டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 ஆகிய இரண்டும் 36 வோல்ட், 250 வாட் வடிவில் வருபவை. டிஎஸ்டிஇசட்2-இல் காலின் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் இருப்பதால் வழுக்கும் பாதையில் கட்டுப்பாடு நன்றாக இருக்கும். பிபிஎஸ்01 பெடல் சுற்றுவதை மட்டுமே பார்க்கும்.

கல்லூரி ப்ராஜெக்ட்களில் அடிக்கடி கண்ணில் படும் எம்ஒய்1016 பற்றியும் ஒரு வார்த்தை. அது 24 வோல்ட், 250 வாட் பிரஷ் மோட்டார், சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 2650. அதன் 9 பல் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) பின்சக்கரத்தில் 32 பல்லோடு நேராக இணைத்தால், சக்கரம் நிமிடத்துக்கு 745 சுற்று சுற்ற வேண்டும். 26 இஞ்ச் சக்கரத்தில் அது மணிக்கு 93 கி.மீ. மோட்டாரால் அந்த வேகத்தை எட்டவே முடியாது. பாதி வேகத்துக்கும் கீழே இழுபட்டு, கரண்ட்டை எல்லாம் சூடாக மாற்றி, உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷைப் புகைத்துவிடும். அந்தக் குடும்பத்தில்தான் வாங்குவது என்றால், கியர்பாக்ஸோடு வரும் எம்ஒய்1016இசட்2 எடுங்கள். அதன் வெளி அச்சு நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

எதை எடுப்பது? தொடர் ஏற்றம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் கியர் ஹப் போதும். விலை குறைவு, பராமரிப்பும் குறைவு. அதற்கு மேல் போனால் மிட் டிரைவ். நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு எங்கள் கருத்து: பழைய 26 இஞ்ச் சைக்கிள் வீட்டில் கிடந்தால் ஹப், 29 இஞ்ச் சைக்கிள் இருந்தால் மிட் டிரைவ்.

மூன்றாம் படி: சக்கர அளவு

ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் மில்லிமீட்டரில் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும்: 24 இஞ்சுக்கு 507, 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். 26 என்று பெயர் உள்ள எல்லா டயரும் ஒரே ரிம்மில் ஏறாது.

2.1 இஞ்ச் அகல டயரோடு ஆரம் தோராயமாக: 24 இஞ்சுக்கு 30.5 செ.மீ., 26-க்கு 33, 27.5-க்கு 34.5, 29-க்கு 36. முன்பு கண்ட 85 நியூட்டனுக்கு மோட்டார் தர வேண்டிய முறுக்குவிசை 26 இஞ்சில் 28 நியூட்டன் மீட்டர், 29 இஞ்சில் 31.

மூன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மோட்டாரின் செம்புச் சுருளில் உண்டாகும் சூடு முறுக்குவிசையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 29-இலிருந்து 26-க்கு வந்தால் அதே ஏற்றத்தில் சுருளின் சூடு 16 சதவீதம் குறையும். 24-க்கு வந்தால் ஏறக்குறைய 28 சதவீதம். மோட்டாரை மாற்றாமல், ஒரு பைசா கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைக்கும் லாபம் இது.

அதற்காக 26 இஞ்ச் சட்டத்தில் பின்னால் மட்டும் 24 இஞ்ச் ஹப் சக்கரம் போடலாமா? டிஸ்க் பிரேக் இருந்தால் போடலாம். வி-பிரேக் என்றால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது, அந்த யோசனையை விட்டுவிடுங்கள். பின்பக்கம் 26 மி.மீ. தாழும், பெடல் அச்சு சுமார் 16 மி.மீ. தாழும். கல்லும் வேரும் உள்ள பாதையில் பெடல் தட்டத் தொடங்கும். 2.4 இஞ்ச் டயர் போட்டால் தாழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஈடாகும், ஆனால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். டயருக்கும் செயின்ஸ்டேக்கும் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் சட்டக் குழாய்க்கும்) இடையில் இரண்டு பக்கமும் 8 மி.மீ.யாவது விடுங்கள். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் செம்மண் சேறு அந்த இடுக்கில்தான் அப்பிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டும்.

மிட் டிரைவ் என்றால் கதை வேறு. சூட்டைக் கியர் பார்த்துக்கொள்ளும், சக்கரத்தைப் பாதைக்காகத் தேர்ந்தெடுக்கலாம். 29 இஞ்ச் கல், வேர், குழிகளின் மேல் எளிதாக உருண்டு போகும். 27.5 இஞ்சில் 2.8 அகல டயர் போட்டால் வெளிவிட்டம் 29-இல் 2.1 போட்டதற்குச் சமமாக வரும், தரையைப் பிடிக்கும் பரப்பும் கூடும். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்ந்து பாதை மூடிக்கிடக்கும்போது இந்த அகலம் கை கொடுக்கும். காய்ந்த இலைப்படுகையில் மெல்லிய டயர் மோட்டார் இழுத்தவுடன் வழுக்கிச் சுழன்றுவிடும்.

நான்காம் படி: ஹப் மோட்டாரின் சுற்று வேகம்

ஒரே பெயரில், ஒரே 250 வாட்டில், வெவ்வேறு சுற்று வேகத்தில் மோட்டார்கள் வருகின்றன. விற்பவரிடம் கேட்க வேண்டியது: "36 வோல்ட்டில் சுமை இல்லாமல் எத்தனை ஆர்பிஎம்?" ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. பதில் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள்.

சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தால் சுற்றளவு கிடைக்கும். 26-க்கு 2.08 மீட்டர், 29-க்கு 2.28 மீட்டர் என்று பக்கத்தில் வரும். ஆர்பிஎம், சுற்றளவு, 0.06 மூன்றையும் பெருக்கினால் மணிக்கு கி.மீ. 250 ஆர்பிஎம் மோட்டார் 26 இஞ்சில் 31 கி.மீ., 29 இஞ்சில் 34 கி.மீ. காட்டும். சமதரையில் சுமையோடு இதில் 80 முதல் 85 சதவீதம்தான் கிடைக்கும்.

25 கி.மீ. வேகம் போதும் என்றால் 26 இஞ்சுக்கு 235 முதல் 240 ஆர்பிஎம், 29 இஞ்சுக்கு 215 பக்கம் எடுங்கள். ஏற்றமே முக்கியம், 20 கி.மீ. போதும் என்றால் 26 இஞ்சுக்கு 190 முதல் 200. பேட்டரி நிறைந்திருக்கும்போது 42 வோல்ட், தீரும் நேரத்தில் 32 பக்கம். அந்த விகிதத்திலேயே வேகமும் இறங்கும்.

மெதுவாகச் சுற்றும் மோட்டார் சூடாகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. முழு உண்மை அல்ல. ஒரே உடல், ஒரே அளவு செம்பு என்றால், ஒரே முறுக்குவிசைக்கு இரண்டும் ஒரே அளவுதான் சூடாகும். மெதுவான சுருள் அதே விசையைக் குறைந்த ஆம்பியரில் தருகிறது, அவ்வளவே. மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியரில் நின்றுவிடும் நமக்கு அந்த வித்தியாசம் பெரிய உதவி. விசை போதவில்லை என்று 25 ஆம்பியர் கன்ட்ரோலர் மாட்டுபவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் உள்ளே நைலான் பல் வழித்துப் போய், மோட்டார் கரகரவென்று சத்தம் மட்டும் போடும். 36 வோல்ட் சிறிய கியர் ஹப்புக்கு 15 ஆம்பியர், மிஞ்சினால் 18.

ஐந்தாம் படி: மிட் டிரைவ் என்றால் பல் கணக்கு

முதலில் சட்டத்தின் பெடல் அச்சுக் குழாயை அளங்கள். அகலம் 68 அல்லது 73 மி.மீ. இருந்து, உள்ளே மரை வெட்டியிருந்தால் இந்த மோட்டார்கள் நேரடியாக நுழையும். உள்விட்டம் 41 மி.மீ., மரை இல்லை என்றால் அது அழுத்திச் செருகும் பிரஸ்-ஃபிட் வகை, தனி அடாப்டர் வேண்டும். குழாயின் அடியில் கேபிள் செல்லும் பிளாஸ்டிக் வழிகாட்டியும், அகலமாக வளைந்த செயின்ஸ்டேயும் மோட்டார் உடலை இடிக்கும், அதையும் பாருங்கள். பெடல் அச்சைப் பிடித்திருக்கும் பழைய கப்பைக் கழற்றும்போது வலது பக்கம் இடது மரை: வலச்சுற்றாகத் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

மிட் டிரைவ் மாட்டியதும் முன்னால் இருந்த சிறிய பல்சக்கரங்கள் போய்விடும். முன்னால் 44, பின்னால் பெரியது 28 பல் என்றால், நிமிடத்துக்கு 80 முறை சவுட்டும்போது 29 இஞ்ச் சக்கரத்தில் வேகம் மணிக்கு 17 கி.மீ. 12 சதவீத ஏற்றத்தில் 17 கி.மீ. என்றால் 650 வாட்டுக்கு மேல் வேண்டும். நீங்களும் 250 வாட் மோட்டாரும் சேர்ந்தாலும் அது வராது. சுற்று குறையும், மோட்டார் திணறும், கன்ட்ரோலர் சூடாகும். பின்னால் 14-34 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) போட்டு, முன்னால் 36 பல்லுக்கு இறங்கினால் அதே சவுட்டில் மணிக்கு 11.6 கி.மீ. வரும். 7 கியர் சைக்கிளிலேயே இந்த ஃப்ரீவீல் பொருந்தும். மோட்டாரைவிட முக்கியமான செலவு இது.

மோட்டார் இழுக்கும்போது கியர் மாற்றினால் செயின் அறும். கியர் மாறும் கணத்தில் மோட்டாரைத் தானே நிறுத்தும் கியர் சென்சார் மாட்டுங்கள், இல்லையென்றால் கியர் மாற்றும் கணத்தில் பிரேக் லீவரை லேசாகத் தொட்டு மோட்டாரை நிறுத்தப் பழகுங்கள்.

ஆறாம் படி: ஹப் சக்கரம் கட்டுதல்

26 இஞ்ச் ஹப் பெரும்பாலும் கட்டிய சக்கரமாகவே கிட்டில் வரும். அதைக் கழற்றாமல் கோட்டம் மட்டும் எடுத்தால் போதும். மற்ற அளவுக்கு நீங்களே கட்ட வேண்டும். கிட்களில் வரும் 12 கேஜ் ஸ்போக் சைக்கிள் ரிம்முக்கு அதிகத் தடிமன். தேவையான இறுக்கத்துக்கு அது வருவதில்லை, தளர்ந்து தளர்ந்து கழுத்தில் முறியும். 13 அல்லது 14 கேஜ், ஸ்டெயின்லெஸ் எடுங்கள். முட்டம், குளச்சல் பக்கத்து உப்புக்காற்றில் சாதா ஸ்போக் சீக்கிரமே துருவேறும்.

மோட்டார் ஹப்பின் விளிம்பு பெரியது. ஒவ்வொரு ஸ்போக்கும் வேறு மூன்று ஸ்போக்கைக் கடக்கும்படி மூன்று குறுக்கு பின்னினால் ஸ்போக், நிப்பிளில் (ரிம்மில் அதைப் பிடிக்கும் சிறு நட்டில்) வளைந்து நுழையும். ஒரு குறுக்குப் போதும். நீளத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: விளிம்புத் துளை வட்டம் 135 மி.மீ., விளிம்பு நடுவிலிருந்து 25 மி.மீ., 36 துளை, ஒரு குறுக்கு. நிப்பிள் தலை உட்காரும் விட்டம் 540 மி.மீ. உள்ள 26 இஞ்ச் ரிம்முக்கு 208 மி.மீ., விட்டம் 603 உள்ள 29 இஞ்ச் ரிம்முக்கு 239. உங்கள் ஹப்பையும் ரிம்மையும் அளந்து ஸ்போக் கணிப்பானில் போட்டபின்பே ஆர்டர் கொடுங்கள். 2 மி.மீ. தவறினாலே மரை போதாது அல்லது ஸ்போக் முனை டியூபைக் குத்தும்.

சட்டத்தில் பின் அச்சு உட்காரும் வாய்தான் டிராப்அவுட்: அகலம் 135 மி.மீ., மேலிருந்து கீழே திறந்த வகையாக இருக்க வேண்டும். ஹப் மோட்டாரின் அச்சு இரு பக்கமும் தட்டையாக, 10 மி.மீ. தடிப்பில் இருக்கும். அச்சைத் துளை வழியாகச் செருகும் 12 மி.மீ. த்ரூ-ஆக்ஸில் சட்டத்தில் இது போகாது. அலுமினியச் சட்டம் என்றால், அச்சு சுழலாமல் சட்டத்தோடு பிடித்து வைக்கும் டார்க் ஆர்ம் கட்டாயம். மோட்டார் முறுக்கும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். டிராப்அவுட் வாய் விரிந்தால் அச்சு சுழன்று, தன் வயரைத் தானே முறுக்கி அறுத்துவிடும். நட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். வயர் வெளியே வரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். வயர் ஒருமுறை தாழ்ந்து வளைந்து மேலே போனால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், அச்சுக்குள் இறங்காது. முன்சக்கர ஹப்பை ஷாக் ஃபோர்க்கில் மாட்ட வேண்டாம்.

பிரேக்குக்கு 180 மி.மீ. டிஸ்க். பாலமோர் பக்கத்து இறக்கம் மாதிரி நீண்ட இறக்கங்களில் 25 கிலோ வண்டியை 160 மி.மீ. டிஸ்க் சூடேறித் தவறவிடும். டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் மோட்டார் மூடியில் உரசுகிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினால் டிஸ்க்கின் அடியில் மெல்லிய வாஷர் வைத்து நகர்த்தலாம்.

பேட்டரி எவ்வளவு?

100 கிலோவை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 82 வாட்-மணி வேண்டும். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 120. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360. இதில் கடைசிப் பத்து சதவீதத்தைத் தொடாமல் விடுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் குறைந்தது 20 ஆம்பியர் தாங்கட்டும்.

முதல் ஓட்டம்

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வாட் மீட்டரில் பாருங்கள். கியர் ஹப் சுமையின்றி ஓர் ஆம்பியரைச் சுற்றியே எடுக்க வேண்டும். இரண்டைத் தாண்டினால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபேஸ் வயரும் அதன் சுழற்சி நிலையைச் சொல்லும் ஹால் வயரும் தவறாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், உடனே நிறுத்துங்கள்.

பிறகு நீங்கள் அளந்த ஏற்றத்தில் அரை கிலோமீட்டர் ஏறி, இறங்கி மோட்டாரின் வெளிக்கூட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடிகிறது என்பதால் உள்ளே குளிர்ச்சி என்று எண்ணக் கூடாது. கியர் ஹப்பில் சுருளுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் வெளிச்சூடு பின்தங்கியே வரும். ஐந்து நிமிடம் நிறுத்தி மறுபடி தொடுங்கள். அப்போது கை வைக்க முடியாத சூடு என்றால் ஆம்பியரைக் குறையுங்கள், அல்லது சக்கர அளவை ஒரு படி இறக்குங்கள்.

முதல் 50 கி.மீ. முடிந்ததும் ஸ்போக் இறுக்கத்தையும் அச்சு நட்டையும் டார்க் ஆர்ம் போல்ட்டையும் மறுபடி பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரம் அந்தத் தூரத்துக்குள்தான் படியும், தளர்ந்த ஸ்போக்கை அப்போதே பிடித்தால் கோட்டம் கால் சுற்றில் தீரும்.